60 வயது மதிக்கத்தக்க

ஒரு தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பில் நான்கு ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தேன். எந்த நாளிதழ் என்பது வேண்டாம். எதில் இருந்திருந்தாலும் இந்தக் கதை இப்படித்தான் நடந்திருக்கும். இரவு பத்தரை மணிக்குப் பக்கம் ஏறக்குறைய முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு விளம்பரம் வராமல் போகும், அல்லது சொன்ன அளவைவிடச் சின்னதாக வந்து சேரும். பக்கத்தின் அடியில் ஒற்றைப் பத்தியில் ஐந்தாறு வரிக்கு இடம் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். அதை அடைக்க என்னிடம் எப்போதும் ஒரு சடலம் இருக்கும்.

“பேருந்து நிலைய வளாகத்தில் சுமார் 60 வயது மதிக்கத்தக்க ஆண் ஒருவர் இறந்துகிடந்தார். கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த புகாரின்பேரில் போலீஸார் உடலைக் கைப்பற்றி பிரேதப் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தனர். இறந்தவர் யார், எந்த ஊரைச் சேர்ந்தவர் என விசாரித்துவருகின்றனர்.”

புதிதாகத் தட்டச்சு செய்யக்கூட வேண்டியதில்லை. பழைய கோப்பைத் திறந்து ஊரையும் வயதையும் மாற்றினால் முடிந்தது. வயதும் பெரும்பாலும் மாறாது. ஊருக்கு ஊர் பேருந்து நிலையத்தில் இறப்பவர்கள் எல்லாரும் ஏனோ அறுபதிலேயே இறந்தார்கள்.

‘மதிக்கத்தக்க’ என்பது மதிப்பிடத்தக்க என்ற பொருளில் காவல் நிலையத் தமிழிலிருந்து செய்தித் தமிழுக்குக் குடிவந்த சொல். அது தெரிந்தேதான் எழுதினேன். ஆனாலும் ஒருநாள், அந்தச் சொல்லை அந்த மனிதருக்குப் பக்கத்தில் வேறு எந்தச் செய்தியிலாவது பார்த்திருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தேன். உயிரோடிருந்தவரை அவர் ‘ஆசாமி’. செத்த பிறகுதான் மதிக்கத்தக்கவர் ஆகிறார், அதுவும் வயதில் மட்டும்.

அப்படி ஒரு துணுக்கு வெளியாகி மூன்று வாரம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல். வடை மடித்துக் கொடுத்த தாளில் செய்தியைப் பார்த்தாராம். அப்பா வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது என்றார். “என்ன கலர் சட்டைன்னு போடலீங்களே. அத மட்டும் சொன்னீங்கன்னா போதும்.”

நிருபர் அனுப்பிய மூலச் செய்தியைத் தேடி எடுத்தேன். சட்டை இருந்தது. நீல நிறக் கட்டம் போட்ட சட்டை, காவி வேட்டி, இடது முன்கையில் பச்சை குத்தியிருந்த வேல். இரண்டு வரி. இடம் போதாமல் அந்த இரண்டு வரியைத்தான் நான் வெட்டியிருந்தேன். “விசாரித்துவருகின்றனர்” என்ற கடைசி வரியை வெட்டவில்லை. செய்தி முடிந்த மாதிரி இருக்காதே!

சட்டையைச் சொன்னேன். வேட்டியைச் சொன்னேன். வேலைச் சொல்வதற்குள் அவர் யாரிடமோ போனைக் கொடுத்துவிட்டார். உடலை உரிமை கோர யாரும் வராததால் அடக்கம் செய்தாயிற்று என்பதை நிருபரிடம் கேட்டு அந்த ஆளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் எழுதுவதை வாசகனாக வாசிக்கத் தொடங்கினேன். நடைபாதையில் வாழும் ஒருவருக்கு எங்கள் பக்கங்களில் எத்தனை பெயர்கள்! மார்கழிக் குளிரில் ஏதாவது ஒரு சங்கம் போர்வை கொடுத்தால் அவர் ‘சாலையோரவாசி’. அதே ஆள் தை பிறந்ததும் மாநகராட்சி வண்டி வரும்போது ‘நடைபாதை ஆக்கிரமிப்பாளர்’. மழை வெள்ளத்தில் ‘பாதிக்கப்பட்ட மக்கள்’. பெரிய தலைவர் வருகிறார் என்றால் ‘மீட்கப்பட்டவர்’. வீட்டில் மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார் என்று ஆறு பேர் ஒரே தார்ப்பாயின் கீழ் இருந்தாலும் ‘ஆதரவற்றோர்’. பிச்சை எடுப்பவர் என்றால் அதிலும் இரண்டு வகை. 2020 ஊரடங்கின்போது ஒரு முதியவர் தான் பிச்சையெடுத்துச் சேர்த்ததை 10,000 ரூபாய், 10,000 ரூபாயாகப் பலமுறை மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் அவருக்கு விருதும் கிடைத்தது. அவரை நாளிதழ்கள் ‘யாசகர்’ என்று எழுதின. கொடுத்தால் யாசகர். சேர்த்து வைத்துக்கொண்டால்?

2019 அக்டோபரில் மும்பை கோவண்டிப் பகுதியில் ரயிலில் அடிபட்டு ஒரு முதியவர் இறந்தார். வயது 82. அவருடைய குடிசையில் சாக்குகளிலும் டப்பாக்களிலும் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்கு நாணயங்கள். வங்கியில் 8.77 லட்சத்துக்கு வைப்புத்தொகை. ஆதார், பான் அட்டை, மூத்த குடிமக்கள் அட்டை எல்லாம் இருந்தன. போலீஸார் உட்கார்ந்து நாணயம் எண்ணும் படம் நாடு முழுக்கச் சுற்றியது. தமிழிலும் ‘லட்சாதிபதி பிச்சைக்காரர்’ வகையறாத் தலைப்புகள். இப்போது அதே ஆளை உங்கள் வீட்டு எதிர்வீட்டில் குடிவையுங்கள். 82 வயதுத் தாத்தா, தனியாக வாழ்ந்தவர், வங்கியில் எட்டே முக்கால் லட்சம் போட்டு வைத்திருந்தார் என்றால் என்ன சொல்வோம்? “மனுஷன் சிக்கனமா இருந்திருக்கார்” என்போம். பிள்ளைகளிடம் உதாரணம் காட்டுவோம்.

இந்தச் செய்திக்கு ஆயுள் மிக நீளம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் சென்ற ஆண்டு ஒரு பேச்சு வந்தது. பக்கத்து மேம்பாலத்தின் கீழ் படுக்கும் ஒரு குடும்பத்துக்கு மழைக்காலம் முடியும்வரை ஏதாவது செய்யலாமா என்று ஒரு மாமி கேட்டிருந்தார். ஐந்தே நிமிடத்தில் ஒருவர் அந்த கோவண்டிச் செய்தியைப் போட்டார். ஒரு வார்த்தை கூடுதலாக எழுதவில்லை. வெறும் செய்தி. அதன் கீழே நான்கு சிரிப்பு முகங்கள். மாமி அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

இதன் தங்கை ஒன்று உண்டு. 2017 நவம்பரில் ஹைதராபாத்தில் உலகத் தொழில்முனைவோர் மாநாடு நடந்தது. அமெரிக்க அதிபர் டிரம்பின் மகள் இவாங்கா வந்தார். அதற்கு முன்பே நகரத்தில் பிச்சை எடுக்கத் தடை போட்டு, தெருவில் இருந்தவர்களைப் பிடித்துச் சிறை வளாகங்களில் இயங்கிய இல்லங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். அப்போது ஊடகங்கள் அதிகம் பேசியது அங்கே எம்.பி.ஏ. படித்த ஒரு பெண் இருந்தார் என்பதைத்தான். படித்தவரா, ஐயோ பாவம். படிக்காத மற்றவர்கள் அங்கே இருந்ததில் வியக்க ஒன்றுமில்லை போலும். அந்த நடவடிக்கைக்குச் செய்திகளில் கிடைத்த பெயர்தான் ‘மீட்பு’. நம் ஊரிலும் 1945இல் வந்த பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி பிச்சை எடுப்பது குற்றம். போலீஸ் ஜீப்பில் ஏற்றுவது சட்டப்படி பிடித்துவைத்தல். அதே காட்சியை நாங்கள் மீட்பு என்று எழுதினோம். கிணற்றில் விழுந்த ஆட்டுக்கு எழுதும் அதே சொல்.

“சரி, எல்லாம் எதிர்மறைச் செய்திதானா? மனிதநேயச் செய்திகளும் போடுகிறோமே” என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் கேட்டதுண்டு. போட்டோம்தான். ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம், சுருக்கம் விழுந்த முகத்தின் கறுப்பு வெள்ளைப் படம், “அந்தக் கண்களில் ஆயிரம் கதைகள்” என்று தலைப்பு. நானே வைத்த தலைப்புதான், வெட்கமாக இருக்கிறது. ஒரு முகத்தைக் கிட்டத்தில் காட்டினால் வாசகர் மனம் இளகும் என்று உறுதியாக நம்பினேன்.

அரசியல் தொடர்பியல் ஆய்வாளர் சாந்தோ ஐயங்கார் 1980களில் அமெரிக்காவில் செய்த சோதனைகளைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம்கண்டது. தொலைக்காட்சிச் செய்திகளை மக்களுக்குப் போட்டுக் காட்டி, இந்த வறுமைக்கு யார் பொறுப்பு என்று கேட்டார் அவர். ஒரு தனி ஏழையின் கதையைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அந்த ஏழை மேலேயே பழியைப் போட்டார்கள். வறுமை எப்படிப் பெருகியது, அரசுத் திட்டங்கள் என்ன ஆயின என்று பின்னணியோடு பார்த்தவர்கள் அரசையும் சமூகத்தையும் கேள்வி கேட்டார்கள். முகத்தை எவ்வளவு கிட்டத்தில் காட்டுகிறோமோ அந்த அளவுக்கு அவருக்குப் பின்னால் இருப்பது சட்டகத்தைவிட்டு வெளியே போய்விடுகிறது என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டேன். முகம் மட்டும் தெரிந்தால், “இவர் என்ன தப்பு செய்தாரோ” என்றுதான் மனம் போகும். குடித்திருப்பார், பிள்ளைகளை அடித்திருப்பார், சோம்பேறியாக இருந்திருப்பார். மிச்சக் கதையை நாமே எழுதிக்கொள்வோம்.

அப்படியென்றால் தனிமனிதர் கதையே எழுதக் கூடாதா? புள்ளிவிவரமா எழுதுவது? 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28ஆம் தேதி இரவு ஒரே இரவில் எண்ணி, இந்தியாவில் வீடற்றோர் 17.7 லட்சம் பேர் என்றார்கள். சாலையோரம், நடைபாதை, ஹியூம் குழாய், மேம்பாலத்தடி, படிக்கட்டடி, ரயில் நடைமேடை, கோயில் மண்டபம் என்று எங்கெல்லாம் தேட வேண்டும் என்பது விளக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலை வாசிக்கும்போது வருகிற படபடப்பு 17.7 லட்சம் என்ற எண்ணில் வருவதில்லை.

இந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றுவதை எதிர்த்த ஓல்கா டெல்லிஸ் வழக்கின் தீர்ப்பை முழுசாக வாசித்தேன். சட்டம் படிப்பவர்களுக்கு மனப்பாடமான வழக்கு. வாழ்வாதாரமும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஓல்கா டெல்லிஸ் ஒரு பத்திரிகையாளர். ஆனால் அவரோடு சேர்ந்து வழக்குப் போட்ட நடைபாதைவாசிகளில் ஒருவர் சேலத்துக்காரர் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஊரில் நிலமில்லாத கூலி. வறட்சியில் வேலை போய் 1961இல் பம்பாய்க்குப் போனார். தஹிசரில் ஒரு ரசாயன கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் சம்பளம். மேற்கு விரைவுச் சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட ஒரு கூரைக்காக அவரிடமிருந்து ஒரு குப்பத்து தாதா பறித்த தொகை 2,500 ரூபாய். அதில் மனைவியோடும், 16, 13, 5 வயதுகளில் மூன்று பெண் பிள்ளைகளோடும் இருந்தார். இவ்வளவும் தீர்ப்பில் இருக்கிறது.

23 ரூபாய் கூலிக்காரர் 2,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். ஏறக்குறைய நூற்று ஒன்பது நாள் கூலி, ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் சேர்த்தால். நான் நான்கு ஆண்டுகளில் எத்தனையோ ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ செய்திகளுக்குத் தலைப்பு வைத்திருக்கிறேன். ஒன்றில்கூட “இந்த இடத்துக்கு எவ்வளவு கொடுத்தீங்க, யாருகிட்ட கொடுத்தீங்க?” என்று யாரும் கேட்டிருந்ததில்லை. நடைபாதை சும்மா கிடைக்கிறது என்றே நினைத்திருந்தேன். வாடகை வாங்குகிறவன் செய்தியில் வருவதே இல்லை.

1981 ஜூலை 13 அன்று மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே, நடைபாதைவாசிகளை அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப்போவதாக அறிவித்தார். அது மனிதத்தன்மையற்ற வாழ்க்கை, மழைக்காலத்தில் இந்தக் கூரைகளில் வசதியாக வாழ முடியாது என்பது அவர் சொன்ன காரணம். எவ்வளவு கரிசனம் பாருங்கள். பத்தாம் நாள், ஜூலை 23, கொட்டும் மழைக்காலத்தில், சேலத்துக்காரரின் கூரையைப் பிரித்துப்போட்டு, குடும்பத்தோடு சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் மகள்களும் சேலத்தில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பிப் போய் மறுபடியும் ஒரு நடைபாதைக் கூரைக்குள் புகுந்துகொண்டார். வழக்கு இன்றைக்கும் பத்திரிகையாளர் பெயரில்தான் வழங்குகிறது. அதில் ஓல்கா டெல்லிஸின் குற்றம் ஒன்றுமில்லை. அவர் செய்ததில் நூறில் ஒரு பங்கை நான் செய்ததில்லை.

இந்தக் கதையும் ஒரு தனிமனிதர் கதைதான். ஆனால் இதைப் படித்துவிட்டு “சோம்பேறி” என்று சொல்ல முடியவில்லை. கூலி எவ்வளவு, இடத்துக்கு எவ்வளவு, ஊரில் ஏன் வேலை போயிற்று, ஏன் திரும்பி வந்தார் என்ற நாலு கேள்விக்கும் பதில் இருப்பதால் வறட்சியும் தாதாவும் மாநகராட்சியும் அவரோடு சேர்ந்தே உள்ளே வந்துவிடுகிறார்கள். ஒரு நல்ல நிருபர் அரைமணி நேரத்தில் கேட்டுவிடக்கூடியவைதான். இதே கேள்விகளைக் கடை வைத்திருப்பவரிடமும் விவசாயியிடமும் கேட்கிறோம். நடைபாதையில் இருப்பவரைப் பார்த்ததும் நம் வாயில் வருவது “எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க, கஷ்டமா இருக்கா?”

செய்தி உருப்படியாக வேலை செய்த நேரமும் உண்டு. 2009 டிசம்பரில் டெல்லிக் குளிரில் பூசா சாலை ரவுண்டானாவில் இருந்த தற்காலிகக் காப்பகத்தை மாநகராட்சி பிடுங்கிப்போட்டது. பத்திரிகைகள் விடாமல் எழுதின. டெல்லி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிட்டது. பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று வீதம் நூறு பேர் தங்கக்கூடிய காப்பகங்கள் வேண்டும் என்ற உத்தரவு அந்தக் குளிர்காலத்தின் தொடர்ச்சியாக வந்ததுதான். சென்னையில் இன்று மாநகராட்சிக் காப்பகங்கள் இருப்பதற்கும் அதில் பங்குண்டு. அன்று எழுதியவர்கள் கண்களில் தெரிந்த ஆயிரம் கதைகளை எழுதவில்லை. யார் பிடுங்கினார்கள், எப்போது, யார் உத்தரவில் என்று எழுதினார்கள்.

டெல்லியில் தெருவோரக் குழந்தைகளே 2003 முதல் ‘பாலக்நாமா’ என்றொரு செய்தித்தாள் நடத்துகிறார்கள். நிருபர்களும் அவர்களே. எழுதத் தெரியாத பிள்ளைகள் வாயால் செய்தி சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒன்று வந்தால் முதல் பக்கத்தில் என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். கட்டணக் கழிப்பறையில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதாக இருக்கும்.

இதையெல்லாம் வெறும் சொல் விவகாரம் என்று நினைக்கிறவர்களுக்கு 2018 மே மாதத்தை நினைவுபடுத்தலாம். வடமாநிலக் குழந்தைக் கடத்தல் கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டதாக வாட்ஸப்பில் குரல் பதிவுகள் பரவின. பழவேற்காட்டில் தெருவில் இருந்த ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். வதந்தியைப் பரப்பியது வாட்ஸப்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘சுற்றித்திரிந்த மர்ம நபர்’ என்ற தொடரை அந்தக் குரல்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? எங்கள் பக்கங்களில் மாடுகள் சுற்றித்திரியும், நாய்கள் சுற்றித்திரியும், வீடில்லாதவர்கள் சுற்றித்திரிவார்கள். காலையில் பூங்காவில் பத்துச் சுற்றுச் சுற்றுகிறவர் நடைப்பயிற்சி செய்வார்.

போன மாதம் ஓர் இரவு வால்டாக்ஸ் சாலைப் பக்கம் போனேன். அந்தப் பகுதி நடைபாதைகளில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. வேறெங்கிருந்தோ வந்தவர்கள் அல்ல, அங்கேயே பிறந்தவர்கள். ஓர் அம்மா பூக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மீன்பாடி வண்டி, அதன் மேல் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

“இன்னா தம்பி, எந்த டிவி?”

“டிவி இல்லம்மா. சும்மா எழுதுறதுக்கு.”

“எழுது, எழுது. போன மழைல ஒரு பொண்ணு வந்து படம் புட்ச்சினு போச்சு. டிவில பாத்தா நான் அழுவுறேன்னு போட்டுக்கீறாங்கோ. நான் எங்க அழுதேன்? மூஞ்சில மழத்தண்ணி.”

காப்பகத்துக்குப் போகவில்லையா என்று கேட்டேன். “காப்பகம் இருந்தும் வர மறுக்கும் சாலையோரவாசிகள்” என்று ஒருமுறை நானே தலைப்பு வைத்திருக்கிறேன். அவர் ஊசியைக் காதோரம் சொருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“போனோமே. ஆம்பளைங்க ஒரு எடம், பொம்பளைங்க ஒரு எடம்ன்ட்டான். அவரு ஒருபக்கம், தோளுக்கு மேல வளந்த புள்ள ஒருபக்கம், நான் ஒருபக்கம். வண்டிய எங்க வுடறது? நாலு மணிக்கு பூக்கட போவணும், யாரு கேட்ட தொறப்பா? ரெண்டு நாள் இருந்துட்டு வந்துட்டோம்.”

ஒரு நாள் கட்டினால் எவ்வளவு கிடைக்கும், பூவுக்கு எவ்வளவு முதல், தண்ணீர்க் குடத்துக்கு எவ்வளவு, கழிப்பறைக்கு எவ்வளவு என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிச் சொன்னார். கடைசியில் அவரே சிரித்தார். “இன்னா, இன்கம்டாக்ஸா நீ?”

அட்டை எல்லாம் இருக்கிறதா என்றேன். “இல்லாம? எங்க ஆயா காலத்துலேர்ந்து ஓட்டுப் போடறோம்.” பூக்கூடைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். வாக்காளர் அட்டையில் கதவு எண்ணெல்லாம் இருந்தது.

“அது எதிர்க்கட சேட்டு நம்பரு. தபாலு அங்கதான் வரும், குடுத்துனுவாரு. நல்லவேள ஞாபகப்படுத்தின, இரு.” உறைக்குள்ளிருந்து பிரிக்காத ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். “நேத்து வந்துச்சு. நீதான் படிச்ச புள்ளயாச்சே, இன்னா எழுதிக்கீதுன்னு பாரு.”

தெருவிளக்குக்குக் கீழே போய்ப் பிரித்தேன். அவருடைய ஆயுள் காப்பீட்டு பாலிசிக்கான பிரீமிய நினைவூட்டல். கட்டக் கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சொன்னேன்.

“கட்டிடலாம், கட்டிடலாம்” என்று சொல்லிவிட்டுப் பூவை எடுத்துக்கொண்டார்.